சாருஜாவின்ர அம்மா கதைக்கிறன்

ஜனவரி 8, புதன்

எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் இன்று எங்களுக்கு வகுப்புத் தொடங்கியது. எட்டுப் புதன்கிழமைகள், பின்னேரம் மூன்றரையிலிருந்து ஐந்து மணிவரை, நூலகத்தில். வேறு நாடுகளிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளின் மனம் எப்படி இருக்கும், நாங்கள் அவர்களுக்கு எப்படித் துணை நிற்கலாம் என்று பயிற்சி. ஆசிரியர்களுக்கு மட்டும் என்றால் விளங்கும். சாப்பாட்டுக்கூடத்தில் நிற்பவர்கள், கூட்டித் துடைப்பவர்கள், ஒபிஸில் வரவு பதியும் நான், எல்லோரும் வரவேண்டுமாம். இருபத்தொரு வருடமாக இந்தக் கவுண்டரில் இருக்கிறேன். ஒரு பயிற்சிக்கும் என்னைக் கூப்பிட்டதில்லை. இப்போது ஏன்?

நடத்துகிறவள் ஒரு தமிழ்ப் பிள்ளை. ஆரணி. முப்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் "வணக்கம் அன்ரி" என்றாள்.

"பிள்ளை எந்த ஊர்?"

"இஞ்சதான், ஸ்காபரோ, அன்ரி."

"அம்மா, அப்பா?"

"அவையும் இப்ப ஸ்காபரோதான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். கெட்டிக்காரி. கேட்டதற்குப் பதில் வரவில்லை.

எல்லோருக்கும் ஒரு கொப்பி தந்தாள். பயிற்சி முடியும்வரை மனதில் படுவதை எழுதுங்கள், நான் வாங்கிப் பார்க்கமாட்டேன் என்றாள். பார்க்கமாட்டாய் என்றால் எதற்கு எழுதச் சொல்கிறாய்? அவள் தந்த கொப்பியில் "இன்று குளிர்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். இது வேறு கொப்பி, என்னுடையது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதாம். அதையும் அவளே சொல்கிறாள்.

ஜனவரி 9, வியாழன்

இவருக்குச் சளி. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். முப்பத்தொரு பிள்ளைகள் வரவில்லை. முப்பத்தொரு வீட்டுக்கு அழைத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

காலை எட்டே காலுக்கு ஓர் அழைப்பு. தமிழர் அழைத்தால் என்னிடம்தான் தருவார்கள்.

"வணக்கம். சாருஜாவின்ர அம்மா கதைக்கிறன். அவளுக்கு இண்டைக்குக் காய்ச்சல். வரமாட்டாள்."

சாருஜா புவனேந்திரன், பதினோராம் வகுப்பு. போன ஓகஸ்டில் தாயும் மகளுமாக ஊரிலிருந்து வந்தவர்கள். தகப்பன் பதினைந்து வருடமாக இங்கே இருக்கிறார், தூர இடங்களுக்கு லொறி ஓட்டுகிறார். அமைதியான பிள்ளை. எப்போதும் ஒரு கறுப்பு ஜக்கெட், அதன் தொப்பி தலையில்.

மாணவர் இலக்கம் கேட்டேன். ஒன்பது இலக்கங்களையும் மூச்சு விடாமல் சொன்னா. நன்றி சொல்லி வைத்தேன்.

வைத்த பிறகுதான் யோசித்தேன். இருபத்தொரு வருடத்தில் எந்தத் தாய் பிள்ளையின் மாணவர் இலக்கத்தைப் பாடமாக்கி வைத்திருந்தாள்? "கொஞ்சம் பொறுங்கோ, தேடிப் பாக்கிறன்" என்பார்கள். பின்னால் இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம் கேட்கும்.

அது தாய் அல்ல.

ஜனவரி 15, புதன்

இரண்டாம் வகுப்பு. பிள்ளைகளின் பெயர்களைச் சரியாக உச்சரிக்க வேண்டும் என்று அரை மணித்தியாலம் போனது. துணை அதிபர் மிஸ்டர் கோவன் "சருஜா" என்றார், பிறகு "சாரூஜா" என்றார். ஆரணி பொறுமையாகத் திருத்தினாள். எதற்கு அந்தப் பெயரை எடுத்தாள்? நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன.

பிறகு ஒரு நீல நிறத் தாளைக் காட்டினாள். ஒரு பிள்ளையைப் பற்றி உங்களுக்குக் கவலை என்றால் பெயர், வகுப்பு, நீங்கள் கண்டது என்ன, மூன்றையும் எழுதிப் பள்ளிக்கூடத்துச் சமூகப் பணியாளரிடம் கொடுக்கவேண்டும். அவரின் மேசையில், பூட்டிய லாச்சிக்குள் இருக்குமாம்.

அந்தப் பூட்டுக்குத் திறப்பு யாரிடம் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கக் கேட்கவில்லை.

முடிந்து வரும்போது ஆரணி பக்கத்தில் வந்தாள். "அன்ரி, போன வருசம் எத்தினை தமிழ்ப் பிள்ளையள் புதுசா வந்தவை? நம்பர் மட்டும் சொன்னாக் காணும்."

"ஏழு" என்றேன்.

பதினாறு.

ஜனவரி 21, செவ்வாய்

மறுபடி அழைப்பு, மறுபடி அதே குரல். இந்த முறை வயிற்றுக்குத்து. "உங்கட குரல் இளமையாக் கிடக்கு" என்றேன். இருமினா. பிறகு, "தடிமன், அதுதான்" என்றா. தடிமன் பிடித்தால் குரல் இளமையாகுமா?

இவரிடம் சொன்னேன். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இஞ்சரும், உமக்கு ஏன் எல்லாரிலயும் சந்தேகம்? சாமான் கடைக்காரன் சிரிச்சாலும் சந்தேகம்" என்றார்.

இவருக்கு நான் ஒபிஸில் வேலை செய்கிறேன் என்பது மட்டும் தெரியும். அதற்கு முன் எங்கே என்ன வேலை செய்தேன் என்று இவர் கேட்டதில்லை.

ஜனவரி 23, வியாழன்

மத்தியானம் தபால் போடப் பிளாசாவுக்குப் போனேன். சாருஜா! வகுப்பில் இருக்கவேண்டிய நேரம். மருந்துக்கடையிலிருந்து வெளியே வந்தாள், கையில் வெள்ளைப் பை. அதை ஜக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டு குனிந்தபடி ஓடினாள்.

பதினாறு வயது, பொய் அழைப்பு, மருந்துக்கடை. எனக்கு வேறு என்ன நினைக்க வரும்? யாரோ ஒரு பெடியன் இருக்கிறான். தாய்க்குத் தெரியாது. தகப்பன் ரோட்டில். சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் எழுதமாட்டேன், எந்த நிறத் தாளிலும்.

ஜனவரி 29, புதன்

இன்று நடித்துக் காட்டும் பயிற்சி. மிஸ்டர் கோவன் ஒபிஸ் கிளார்க், நான் புதிதாக வந்த மாணவி. அவர் என் வேலையைச் செய்கிறார், நான் பிள்ளையாகக் கதிரையில் இருக்கிறேன். எல்லோருக்கும் பகிடி.

"ஏன் நேற்று வரவில்லை? வீட்டில் யார் இருக்கிறார்கள்? விலாசம் என்ன?"

அவர் கையில் உண்மையாகவே ஒரு பேனை இருந்தது. தாளில் எழுதிக்கொண்டே கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. பகிடிக்குத்தான் என்று தெரியும். ஆனாலும் திறக்கவில்லை. அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையிடி என்று சொல்லி நேரத்தோடு வந்துவிட்டேன். ஆரணி வாசல்வரை வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் ஒரு தந்திரமாக இருக்கலாம்.

பெப்ரவரி 5, புதன்

ஆரணி இன்று சொன்னவை: தாய் தகப்பனுக்கு மொழிபெயர்க்கப் பிள்ளையையே பிடித்து வைக்காதீர்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லத்தான் வேண்டிவரும். சொல்லுமுன் அந்தப் பிள்ளையிடமே போய்ச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

நேர்மையான பேச்சு மாதிரித்தான் இருந்தது.

பெப்ரவரி 6, வியாழன்

சாருஜா பிந்தி வந்தாள். பிந்தி வந்த சீட்டை எழுதிக்கொண்டே மெதுவாகச் சொன்னேன்: "அம்மான்ர குரலும் உன்ர குரலும் ஒரே மாதிரிக் கிடக்கு, பிள்ளை."

சீட்டை வாங்கிக்கொண்டு தொப்பியை இன்னும் கீழே இழுத்தாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "எல்லாரும் அப்பிடித்தான் அன்ரி சொல்லுறவை" என்றாள்.

கெட்டிக்காரி. பயமாக இருந்தது, அவளுக்கா எனக்கா தெரியாது.

பெப்ரவரி 12, புதன்

கடும் பனி. பாதிப் பேர் வரவில்லை. ஆறு வகுப்பு முடிந்தும் ஒரு நீலத் தாள்கூட வரவில்லையாம். மற்றவர்கள் போனபிறகு ஆரணி கதிரைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏன் அன்ரி ஒருத்தரும் எழுதேல்லை?"

வாய் சும்மா இருக்கவில்லை. ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு கிளார்க்கின் கதையைச் சொன்னேன். தொண்ணூறாம் ஆண்டு. பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை. அதிபர் இல்லாத ஒரு காலையில் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். உயர்தர வகுப்பு வரவு இடாப்பைப் பார்த்துப் பெயரும் விலாசமும் எழுதித் தரச் சொன்னார்கள். உதவி ஏதோ கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். அவள் எழுதிக் கொடுத்தாள்.

"பிறகு?"

"பிறகு அந்த வகுப்பிலை நாலு பேரின்ர இடம் வெறுமையாக் கிடந்தது."

"வந்தது ஆர் அன்ரி?"

"அந்தக் காலத்திலை வந்து கேட்டவை கனபேர்" என்றேன். யாரென்று சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

ஆரணி கையிலிருந்த கதிரையை இறக்கி வைத்தாள். "அந்தக் கிளார்க்குக்கு அப்ப எத்தினை வயசு?"

"பத்தொன்பது."

கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். உடனே சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

சாருஜா வரவில்லை. அழைப்பும் இல்லை.

பெப்ரவரி 19, புதன்

இன்றும் இல்லை. வீட்டுத் தொலைபேசிக்கு நான்கு தரம் அடித்தேன். வகுப்பில் ஆரணி சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

செய்யக்கூடாத வேலை செய்தேன். ஒபிஸ் ஆட்கள் மாணவர் வீட்டுக்குப் போகக்கூடாது. பதிவிலிருந்து விலாசத்தை எடுத்து, மத்தியான இடைவேளையில் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள தொடர்மாடி, பதினான்காம் மாடி.

கதவைத் தட்டினேன். உள்ளே கால் சத்தம். பிறகு அமைதி.

"சாருஜா, நான் ஒபிஸ் அன்ரி. தனியத்தான் வந்தனான்."

நெடுநேரம் கழித்துச் சங்கிலி போட்ட கதவு கொஞ்சம் திறந்தது. தொப்பி இல்லாமல் அவளை அன்றுதான் பார்த்தேன். சின்னப் பிள்ளை.

பெடியன் எவனும் இல்லை. தாய் இருந்தா. சோபாவின் மூலையில், கம்பளிக்குள், முகம் மட்டும் வெளியே. நான் வணக்கம் சொன்னேன். என்னைப் பார்த்தா, ஆனால் நான் அங்கே நிற்பதைக் கண்டதாகத் தெரியவில்லை. மேசையில் அந்த மருந்துக்கடைப் பை. தாயின் பிரஷர் குளிசை.

பல்கனிக் கதவின் கைபிடியைச் சைக்கிள் பூட்டால் சுற்றிக் கட்டியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைச் சாருஜா பார்த்தாள்.

"திங்கக்கிழமை நான் குளிச்சிட்டு வர அம்மா வெளியில நிண்டவ. செருப்பும் இல்லை. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கீழ பாத்துக்கொண்டு. அதுக்குப் பிறகு நான் வெளியில போகேல்லை."

"எப்ப இருந்து இப்பிடி?"

"வந்த நாளில இருந்து. முதல் கதைச்சவ. இப்ப ஒண்டு மட்டும்தான் கேப்பா. 'வீட்டைப் பூட்டிப்போட்டு வந்திட்டம், அண்ணா வந்தா ஆர் திறப்புக் குடுக்கிறது' எண்டு."

அண்ணன் காணாமல் போனபோது இவள் கைக்குழந்தை. சுவரில் அவன் படம் இருந்தது. பதினைந்து வயது, வெள்ளைச் சேட்டு, பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி.

"அப்பாவுக்குத் தெரியுமே?"

என் கையைப் பிடித்தாள். "அன்ரி, ப்ளீஸ், ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சா அம்மாவைத் திருப்பி அனுப்பிப்போடுவினம். என்னைப் பிடிச்சு வேறை வீட்டில விட்டிடுவினம்."

"ஆர் சொன்னது?"

"கீழ்வீட்டு அங்கிள். எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போய்க் குடுப்பினமாம்."

அந்த அங்கிளின் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆறு கிழமையாக எனக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றும் எழுதாமல் விட்டால் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அந்தப் பூட்டைப் பார்த்தபிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

"சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணேலாது, பிள்ளை" என்றேன். "நான் சொல்லத்தான் போறன். ஆனா உனக்குத் தெரியாமல் ஒரு எழுத்தும் எழுதமாட்டன். என்ன எழுதிறனெண்டு நீ வாசி. பிழையெண்டா வெட்டு."

கையை விட்டாள். "உங்களை நம்பிக் கதவைத் திறந்தனான்" என்றாள்.

ஆரணிக்கு அங்கிருந்தே அழைத்தேன். வேறு யாரையும் எனக்குத் தெரியாது. சாருஜா கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டேன். திருப்பி அனுப்புவார்களா என்றுதான் முதலில் கேட்டேன். "இல்லை அன்ரி. சுகமில்லாமல் போனதுக்காக அனுப்பமாட்டினம். இதை நான் ஒரு குடிவரவு லோயரிட்டயும் கேட்டுச் சாருஜாவுக்குச் சொல்லுறன்" என்றாள். தாயைத் தனியே விடாதீர்கள், சமூகப் பணியாளரோடு அரை மணித்தியாலத்தில் வருகிறேன் என்றாள். நீலத் தாளையும் கொண்டு வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதினேன். சாருஜா என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்தாள். "தாய் எவரோடும் பேசுவதில்லை" என்று எழுதியிருந்தேன். என் கையிலிருந்து பேனையை வாங்கி அதை வெட்டினாள். மேலே, "அம்மா மிகவும் களைத்துப் போயிருக்கிறா" என்று எழுதினாள். பல்கனி வரியை வெட்டவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், ஆனால் வெட்டவில்லை.

பின்னேரம் தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சாருஜாவும் கூடப் போனாள். லிஃப்ட் கதவு மூடும்வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

அந்தக் கிளார்க் நான்தான். இதை வாசிக்கப்போவது நான் மட்டும்தான். யாரிடம் மறைக்கிறேன்?

என் எழுத்து அழகு என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். பெயர்களுக்குக் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு கூடப் போட்டுக் கொடுத்தேன். நால்வரில் மூன்று பேர் பெடியள், ஒருத்தி பெட்டை, சத்தியபாமா. அவளின் தாய் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றா. நான் வேலையை விட்டேன். பிறகு ஊரை விட்டேன். அந்தத் தாயும் யாரிடமோ திறப்பைப் பற்றிக் கேட்டிருப்பா.

இவருக்குச் சொல்லவேண்டும். இன்று இல்லை. இறைச்சிக்கறி வைத்தேன், உப்புக் கூடிவிட்டது.

பெப்ரவரி 26, புதன்

கடைசி வகுப்பு. சான்றிதழும் கேக்கும். மிஸ்டர் கோவன் என்னைத் தனியே கூப்பிட்டு, விதியை மீறி வீட்டுக்குப் போனதற்குக் கடிதம் தந்தார். கோப்பில் இருக்குமாம். பிறகு குரலைத் தாழ்த்தி நன்றி சொன்னார். கடிதம் எழுத்தில், நன்றி வாயில். ஒபிஸ் வழக்கம்தான்.

ஆரணியிடம், "அந்த ஏழு பிழை, பதினாறு" என்றேன்.

"தெரியும் அன்ரி. ஏழு எண்டு நீங்கள் சொல்லேக்கை என்னைப் பாக்கேல்லை" என்றாள்.

மார்ச் 4, செவ்வாய்

கவுண்டருக்கு முன்னால் ஒரு பெரிய மனுசன். சப்பாத்திலிருந்து பனி உருகி வழிகிறது. நான் யாரென்று கேட்காமலே தமிழில் தொடங்கினார்.

"எங்கட வீட்டு விசயத்தை வெளியில குடுத்தது ஆர்?"

பக்கத்து மேசைக்காரி தலை நிமிர்ந்தாள். எனக்கு முப்பத்தைந்து வருடமாகத் தெரிந்த கேள்வி. ஒருவரும் என்னிடம் நேரே கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"நான்தான்" என்றேன்.

சாருஜாவின் தகப்பன் அதை எதிர்பார்க்கவில்லை. சத்தம் போட ஆயத்தமாக வந்தவர், சுவரோர வாங்கில் அமர்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு விளங்கேல்லை அக்கா. நான் வீட்டை வந்தாலும் ஒரு ராத்திரிதான், அவள் நித்திரையா இருப்பாள். ரோட்டிலை இருந்து ஒவ்வொரு நாளும் ஃபோன் அடிக்கிறனான். என்னோடை நல்லாத்தானே கதைச்சவள். 'சாப்பிட்டீங்களே, கவனமா ஓடுங்கோ' எண்டு. சுகமில்லாத மனிசி அப்பிடிக் கதைப்பாளே?"

ஐந்து மாதமாக அவர் யாருடைய குரலோடு கதைத்தார் என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நான் சொல்லவில்லை. அதை அவள் சொல்லவேண்டும், அவளுக்குச் சொல்ல மனம் வரும்போது.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

மார்ச் 19, புதன்

தாய் வீட்டுக்கு வந்துவிட்டாவாம். மருந்து கொடுத்திருக்கிறார்கள். கிழமைக்கு ஒருநாள் தமிழ் தெரிந்த ஒருவர் வந்து கதைக்கிறார். தகப்பன் தூர ஓட்டங்களை விட்டுவிட்டு நகரத்துக்குள் ஓடுகிறார். எல்லாம் ஆரணி சொல்லித்தான் தெரியும். சாருஜா கவுண்டரைக் கடந்து போகிறாள், என்னைப் பார்ப்பதில்லை. அவளுக்குக் கோபிக்க உரிமை இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

இரண்டாம் மணி அடித்தபிறகு சாருஜா கவுண்டருக்கு வந்தாள். மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"அன்ரி, இண்டைக்குப் பின்னேரம் நீங்கள் ஃப்ரீயே?"

"ஏன் பிள்ளை?"

"அப்பா ஆறரைக்குத்தான் வருவார். எனக்குக் கணக்குச் சோதினைக்குப் படிக்கவேணும். லைப்ரரியில. அம்மாவோட கொஞ்சநேரம் இருப்பீங்களோ?"

முகத்தைப் பார்க்காமலேதான் கேட்டாள். ஆனால் கேட்டாள்.

மிஸ்டர் கோவனிடம் இந்த முறை முதலே சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். தாயின் பெயர் யோகாம்பிகை. பல்கனியில் பூட்டு இன்னும் இருக்கிறது, இப்போது வேறு நல்ல பூட்டு. நான் போஞ்சிக்காய் கொண்டு போயிருந்தேன், சும்மா இருக்கக் கை கூசும் என்று. ஒரு கோப்பையை நடுவில் வைத்து நார் உரித்தேன். கால் மணித்தியாலத்துக்குப் பிறகு அவவும் ஒன்றை எடுத்தா. இருவருமாக முழுவதையும் உரித்து முடித்தோம். கதை ஒன்றும் இல்லை. ஒருதரம் மட்டும், "பிள்ளை படிக்கிறாளோ?" என்று கேட்டா. "ஓம், நல்லாப் படிக்கிறாள்" என்றேன்.

ஆறு மணிக்கு வரவேண்டியவள் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தாள். தகப்பன் முன்பே வந்துவிட்டார். கதவுக்கு வெளியே வேறொரு பெட்டையின் சிரிப்பும் இவளின் சிரிப்பும் கேட்டன. பிறகு ஒரு "உஷ்". உள்ளே வந்தவளிடம் கடை உருளைக்கிழங்குப் பொரியலும் வினாகிரிப் புளிப்பும் மணத்தன. தொப்பி தலையில் இல்லை.

"ஏன் பிள்ளை பிந்தினது?" என்றார் தகப்பன்.

"லைப்ரரியில சரியான சனம் அப்பா."

வெள்ளிக்கிழமைகளில் அந்த லைப்ரரி ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரிந்தது. ஒரு கணம் என்னையே பார்த்தாள்.

"ஓம் தம்பி, சோதினைக் காலத்திலை அப்பிடித்தான்" என்று சொல்லி என் சப்பாத்தைத் தேடினேன்.

லிஃப்டில் இறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூட நின்ற மனுசி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அந்தப் பிள்ளை ஐந்து மாதமாகச் சொன்ன பொய் எல்லாம் தாய்க்காகச் சொன்னது. இன்றுதான் தனக்காக ஒன்று சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு விசயம் கதைக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது கோப்பை கழுவிக்கொண்டிருக்கிறார். சத்தம் நின்றதும் போகவேண்டும்.